எங்க ஐலி 1290

என் தம்பி லைலுக்குச் சந்தோஷம் வந்தால் ஏணியைத் தேடுவான். மகள் ஐலி பிறந்த அன்றைக்கு ஏறினான். எங்கள் ஊர் ஹாக்கிப் பையன்கள் கோப்பை ஜெயித்தபோது ஏறினான். அவன் பெண்டாட்டி கிரீன் பே ஊருக்குப் போய் வேறொருவனோடு குடித்தனம் போட்ட வருஷம் மட்டும் ஏணி கடைக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் பெல்டோ குடும்பத்துப் பேஸ்டி கடை இருக்கிறது. பேஸ்டி என்றால் மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பண்டம். வாசலில் உயரக் கம்பத்தின் மேல் எழுத்துகளை மாற்றி மாற்றிச் செருகுகிற போர்டு ஒன்று. சாதாரண நாட்களில் அதில் 'சூடான பேஸ்டி' என்று இருக்கும். நவம்பர் வந்தால் 'வேட்டைக்காரர்களே வருக'. எங்கள் குடும்பத்தின் இலக்கியப் பணி அவ்வளவுதான்.

போன வருஷம் மே மாதம், காலேஜில் சேருவதற்காக ஐலி எழுதின எஸ்.ஏ.டி. பரீட்சையின் மார்க் வந்தது. ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு. அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் யாரும் வாங்கவில்லை. அதற்கு முந்தின சில வருஷங்களிலும் இல்லை என்று டீச்சர்கள் சொன்னார்கள். லைல் கையில் ஒட்டிய மாவோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பேஸ்டி சூடாக இருக்கிற சங்கதியையெல்லாம் கீழே இறக்கிவிட்டு, 'எங்க ஐலி 1290' என்று செருகினான். எழுத்துப் பெட்டியில் ஒன்பது இல்லை. ஆறு ஒன்று கிடந்தது, அதைத் தலைகீழாக வைத்தான். அது கொஞ்சம் சாய்ந்தே நின்றது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் தப்பில்லை. ஆனால் பொன் குஞ்சின் எடையை நெடுஞ்சாலையில் எழுதிப் போட்டால் போகிறவன் வருகிறவனெல்லாம் விசாரிப்பான். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். ஊர்க்காரர்கள் பேஸ்டி வாங்க வந்த கையோடு, "ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறு! அடேயப்பா!" என்றார்கள். விஸ்கான்சினிலிருந்து வந்த ஒருவர் நிஜமாகவே பயந்துபோய், "ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறு பவுண்டா? ஐலிங்கறது கரடியா?" என்று கேட்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த நான், "ஆமா, உள்ளேதான் கட்டிப் போட்டிருக்கோம். பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கு" என்றேன்.

நான் டோரீன், லைலின் அக்கா. தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். ஐலிக்கு ஆறு வயதிலிருந்து தலை பின்னிவிட்டது, பல் விழுந்தபோது தலையணைக்கடியில் காசு வைத்தது, திட்டியது எல்லாம் நான்தான். அவளுடைய அம்மா பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவாள், அதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெண் எங்களுடையவள். அதனால்தான் லைல் போர்டில் 'ஐலி' என்று போடாமல் 'எங்க ஐலி' என்று போட்டான்.

ஐலிக்கு ஒரு பைத்தியம் உண்டு, அது பனி. கடைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை கிடக்கும். பனிக்காலம் முழுக்க, விடிந்ததும் அதன் மேல் அளவுகோலை நட்டு, எத்தனை அங்குலம் என்று பார்த்து வானிலை ஆபீசுக்குச் சொல்வாள். பிறகு பனியை ஒரு குழாயில் எடுத்து உருக்கி, எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பாள். பதினோரு வயதில் தொடங்கியது. சளியோ காய்ச்சலோ, ஒரு காலை விட்டதில்லை. கிழக்கே வெர்மான்ட் மாநிலத்தில் கார்வெல் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது, அங்கே பனியையும் பனிக்கட்டியையுமே பாடமாகப் படிக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு எந்தக் கல்லூரியும் கண்ணில் படவில்லை. வசதி இல்லாதவர்களுக்கு முழுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். நூறு பேர் கேட்டால் பத்துப் பேரைத்தான் எடுப்பார்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் பதினைந்து. எங்கள் ஊரில் அந்தத் தேதிக்கு ஒரே அர்த்தம்தான், மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடத்துக்கே அன்று விடுமுறை. வெர்மான்ட்காரர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை என்பதில் லைலுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் வருத்தம்.

அக்டோபரில் பெண்ணின் முகம் வாடத் தொடங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் தலையைக் குனிந்துகொண்டே கடைக்குள் வருவாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். நான் சனிக்கிழமை வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் சவுனா என்கிற ஆவிக் குளியல். முதலில் பெண்கள், பிறகு லைல். உள்ளே சண்டை போடக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் அப்பா காலத்து விதி. நான் சூடேறின கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழும்பி அடங்கியது.

"அத்தை, ஒண்ணு சொன்னா அப்பாகிட்ட சொல்ல மாட்டியே?"

"சொல்லு, பார்க்கலாம்."

"பார்க்கலாம் இல்ல. சத்தியம் பண்ணு."

"துண்டைத் தவிர மேல ஒண்ணும் இல்லாதவகிட்ட என்னடி சத்தியம்? சொல்லு."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "கார்வெல்ல சேர்றவங்கள்ல பாதிப் பேரு ஆயிரத்து நானூறுலேருந்து ஆயிரத்து ஐந்நூத்தி இருபதுக்குள்ள இருக்காங்களாம். மத்தவங்கள்ல நிறையப் பேரு அதுக்கும் மேல. என் மார்க் அந்தக் கோட்டுக்கே கீழ. மிஸஸ் ட்ரெவாரோ அனுப்ப வேண்டாங்கறாங்க."

மிஸஸ் ட்ரெவாரோ பள்ளிக்கூடத்தில் காலேஜ் விஷயங்களைப் பார்ப்பவர். மூன்று பள்ளிக்கூடங்களுக்கு அவர் ஒரே ஆள், வாலிபால் பயிற்சியும் அவரே. கெட்டது நினைக்கிறவர் இல்லை.

"அனுப்பாம விடலாமா?" என்று கேட்டேன்.

"விடலாம். மார்க் அனுப்பறது உங்க இஷ்டம், அனுப்பலைன்னா தப்பா எடுத்துக்க மாட்டோம்னு காலேஜ்காரங்களே சொல்லியிருக்காங்க."

"தப்பா எடுத்துக்க மாட்டாங்களாமா! சர்ச் விருந்துக்கு, 'சமைச்சு எடுத்துட்டு வந்தா சந்தோஷம், வராட்டியும் பரவாயில்ல'ன்னு பாஸ்டர் சொன்னாரு. அதை நம்பி ஷர்லி வெறுங்கையோட வந்தா. இன்னி வரைக்கும் ஊரே அவளைப் பேசுது."

"பேசறது நீதான், அத்தை."

"யாராவது பேசணுமில்ல?"

அவள் சிரித்தாள். பிறகு யோசித்தாள். "ஆனா கருகிப்போன பதார்த்தத்தை எடுத்துட்டுப் போனாலும் பேசுவீங்களே?"

நான் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன்.

"அதான் அத்தை எனக்கும் புரியலை. அனுப்பலைன்னா, ஆயிரம்கூடத் தேறலை போலிருக்குன்னு நினைச்சுப்பாங்களோன்னு இருக்கு. அனுப்பினா, அட, இவ்வளவுதானான்னு தள்ளி வெச்சிடுவாங்களோன்னு இருக்கு. அதை விடு. அங்க படிச்ச ஒரு அம்மா வர்ற வியாழக்கிழமை இஷ்பெமிங்லேருந்து என்னைப் பார்த்துப் பேச வர்றாங்க. பேசினதை அவங்க காலேஜுக்கு எழுதுவாங்க. சந்திக்கறது நம்ம கடையிலதான், அவங்களுக்குப் பேஸ்டி சாப்பிடணுமாம்."

"வரட்டுமே, அதுக்கென்ன?"

"அத்தை! போர்டு!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோற்றிலாவது முயற்சி செய்து பார்க்கலாம். கம்பத்தின் உச்சியில் இருப்பதை எதில் மறைப்பது?

"அப்பாகிட்ட அதை எடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆறு மாசமா தினம் காலையில கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி அதை நிமிர்ந்து பார்க்கறாரு. சாய்ஞ்ச ஒன்பதைக் குச்சியால நேரா தள்ளி விடறாரு. அவர்கிட்ட போய், அந்த நம்பர் பத்தலைப்பான்னு எப்படிச் சொல்வேன்?"

அவள் முகத்தில் வழிந்தது எல்லாமே வியர்வை இல்லை. "நான் பார்த்துக்கறேன், நீ வெளிய போய்த் தண்ணி குடி" என்றேன்.

திங்கட்கிழமை காலை, கடையில் நானும் லைலும் மட்டும். அவன் வட்டமாகத் தேய்த்த மாவில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் ருட்டபேகாக் கிழங்கும் அள்ளி வைத்து, மடித்து, விளிம்பைக் கட்டைவிரலால் முறுக்கிக்கொண்டிருந்தான். நான் என் தந்திரத்தைத் தொடங்கினேன்.

"டேய், நவம்பர் வந்தாச்சு. போர்டை மாத்து."

"எதுக்கு?"

"வேட்டைக்காரங்களை வரவேற்க வேண்டாமா?"

"அவன் மானைத் தேடி வர்றான். என் வரவேற்பையா தேடி வர்றான்? வழி தெரிஞ்சவன்தானே."

"வியாழக்கிழமை பெரிய காத்து அடிக்குமாம். எல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"மே மாசத்துலேருந்து காத்து அடிச்சிட்டுதான் இருக்கு."

"ஒரே நம்பரைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சுப் போச்சுடா!"

"அப்போ நாளையிலேருந்து பின் வாசல் வழியா வா, அக்கா."

இப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. "அந்த நம்பர் அவளுக்கு உதவாதுடா! அந்தக் காலேஜுக்கு அது பத்தாது. அனுப்பாம இருந்தாத்தான் நல்லதுன்னு ட்ரெவாரோ சொல்லிட்டா. வியாழக்கிழமை அந்தக் காலேஜ் ஆளு இங்க வர்றாங்க. போர்டை எடுக்கச் சொல்ல முடியாம அந்தக் குழந்தை அழறா!"

நுணலும் தன் வாயால் கெடும். சொன்ன பிறகு என் குரல் எனக்கே கேட்டது.

லைல் கையில் இருந்த பேஸ்டியின் விளிம்பைக் கடைசி மடிப்பு வரை முறுக்கி முடித்தான். அதைத் தட்டில் வைத்தான்.

"எவ்வளவு பத்தலை?"

"நூத்திப் பத்து."

"அவளுக்கு இது எப்போலேருந்து தெரியும்?"

"மூணு வாரமாத் தெரியும் போலிருக்கு."

"அப்போ மூணு வாரமா, பஸ்ஸை விட்டு இறங்கறப்போவெல்லாம் அதைப் பார்த்துக்கிட்டேதான் உள்ள வந்தாளா?" அவன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். "ஊர் பூரா அவ மானத்தை வாங்கிட்டேனே, அக்கா."

"அப்படியெல்லாம் இல்லடா" என்றேன். அவன் காதில் விழவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போனான். சந்தோஷமில்லாமல் அவன் அதில் ஏறி அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, தலைகீழ் ஆறு, பூஜ்யம், நான்கு தகடுகளையும் ஒவ்வொன்றாக உருவி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினான். 'எங்க ஐலி' மட்டும் மேலே நின்றது. "அதையும் எடுத்துட்டு 'வேட்டைக்காரர்களே வருக'ன்னு போடேன்" என்றேன். "அதை எடுக்க மனசு வரலை" என்றான். அன்று மத்தியானம் பேஸ்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கிரேவி கேட்ட வெளியூர்க்காரனைக்கூட முறைக்காமல் கொடுத்தனுப்பினான்.

மூன்றரைக்கு பஸ் வந்து நின்றது. ஐலி இறங்கினாள், நிமிர்ந்து பார்த்தாள், அப்படியே நின்றாள். பிறகு முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா, நம்பர் எங்க?"

"காத்துல விழுந்துடுச்சு."

"நாலும் சொல்லி வெச்சு வரிசையா விழுந்துச்சா?"

"பெரிய காத்து."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கல்லாவில் சில்லறையை அடுக்கினேன்.

"அத்தை!"

"நான் சத்தியம் பண்ணலையே" என்றேன்.

லைல் அடுப்பை விட்டு வந்தான். "அத்தையைத் திட்டாதே. எனக்குத் தெரியாதும்மா. நான் அந்தப் பரீட்சை எழுதினவன் இல்ல. பெரிய மார்க்னு நினைச்சுட்டேன். ஸ்கூல்ல யாராவது உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்களா?"

எனக்கு உள்ளே ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

"யாரும் சிரிக்கலைப்பா. பெரிய மார்க்தான். நான் அதுக்கு எப்படிப் படிச்சேன்னு நீ பார்க்கலையா? இந்த மேஜையிலதானே உட்கார்ந்து படிச்சேன். நீதானே மாவுப் பலகையில முக்கோணம் வரைஞ்சு கொடுத்தே?"

"தப்பாத்தான் வரைஞ்சேன்."

"தப்பாத்தான் வரைஞ்சே. அந்த நம்பரை எடுத்துக் குடு."

"எதுக்கு?"

"மறுபடியும் போடணும்."

"வியாழக்கிழமை அந்த அம்மா வர்றாங்களே ஐலி!"

"வரட்டும். காலேஜுக்கு மார்க் அனுப்பறதா வேண்டாமாங்கறது வேற, அதை நான் யோசிச்சுப் பண்ணிக்கறேன். ஆனா நம்ம வாசல்ல ஒளிச்சு வைக்கறது வேற. அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லப்பா. சனிக்கிழமை நான் பேசினது எனக்கே பிடிக்கலை."

லைல் மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து தகடுகளை எடுத்துத் தந்தான். அதற்குள் அவற்றைத் துடைத்தும் வைத்திருந்தான். அவன் ஏணியைப் பிடித்துக்கொள்ள அவள் ஏறினாள். நான் கீழே நின்று, "ஒன்பது சாயுது, ஒன்பது சாயுது" என்று கத்தினேன். "அது சாய்ஞ்சாத்தான் நம்ம ஒன்பது" என்று மேலிருந்து குரல் வந்தது.

வியாழக்கிழமை திருமதி தெர்ஸ்டன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மாட்டு டாக்டர். பூட்ஸில் சேறு காயவில்லை. கார்வெலில் படித்தவர்கள் இப்படி இருப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை, அதனால் எடுத்த எடுப்பிலேயே பிடித்துப்போயிற்று. லைல் பேஸ்டித் தட்டை வைத்துவிட்டு, "கெட்ச்சப்பா, கிரேவியா? உங்க இஷ்டம்தான்" என்றான். இஷ்டமாவது! கிரேவி கேட்கிறவர்களை அவன் மனிதராகவே மதிப்பதில்லை. "கெட்ச்சப்" என்றார் அவர். லைல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அவர் முதல் வாய் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியே காட்டினார். "ஐலிங்கறது நீதான், புரியுது. ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூறுன்னா என்ன? கடை நம்பரா?"

லைல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என் எஸ்.ஏ.டி. மார்க்" என்றாள் ஐலி. "அப்பா போட்டாரு. அதை உங்க காலேஜுக்கு அனுப்பறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை. நீங்க வர்றீங்கன்னு எடுத்தோம். அப்புறம் அது சரியில்லைன்னு தோணிச்சு. நான்தான் திரும்பப் போட்டேன்."

திருமதி தெர்ஸ்டன் காகிதத்தில் வாயைத் துடைத்துக்கொண்டார். "மார்க்கைப் பத்தி நாங்க கேக்கவும் கூடாது, எழுதவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் கேட்டிருக்கக் கூடாது, மன்னிச்சுக்கோ. ஆனா போர்டைப் பத்தி எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லலை." பிறகு முன்னால் குனிந்தார். "அது கிடக்கட்டும். வண்டியை நிறுத்தறப்போ பின்னாடி ஒரு வெள்ளைப் பலகை பார்த்தேனே, அது என்ன?"

ஐலியின் முகம் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாள்தான் முதல் பனி விழுந்திருந்தது. இருவரும் எழுந்து பின்னால் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மாட்டு டாக்டர் பனியில் மண்டி போட்டு அளவுகோலைப் பிடித்திருக்கிறார், இவள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்குகிறாள். அரை மணி, முக்கால் மணி ஆயிற்று. "பேஸ்டி ஆறிப்போகுதே" என்று லைல் தவித்தான். கடைசியில் அவர் உள்ளே வந்து, ஆறினதையும் விடாமல் சாப்பிட்டு, வீட்டுக்கு இரண்டு கட்டச் சொன்னார். மார்க்கைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் பதினான்கு மத்தியானம். லைல் ஆரஞ்சு சட்டை போட்டு, துப்பாக்கியை வண்டியில் ஏற்றி, காட்டில் இருக்கிற வேட்டைக் குடிசைக்குக் கிளம்பியாயிற்று. அங்கே போனால் போன் எடுக்காது. ஐலி சமையலறை மேஜையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நிரப்பியாயிற்று, ஒரு கட்டம் மட்டும் பாக்கி. மார்க்கைச் சேர்க்கவா, வேண்டாமா? அதற்கு விடை போட்டால்தான் விண்ணப்பம் போகும்.

லைல் பிளாஸ்க்கை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தான். போனான். கையுறையை மறந்துவிட்டேன் என்று வந்தான். போனான். மூன்றாவது தடவை வந்து நின்றவனுக்கு என்னத்தை மறந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை.

"அப்பா, உனக்கு என்ன தோணுது? உண்மையைச் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தோணலை. தொப்பியைத் தேடறேன்."

"தொப்பி தலையில இருக்கு."

"சரி, அப்போ கிடைச்சிடுச்சு." அவன் வாசற்படியிலேயே நின்றான். "நீ என்னைப் பார்த்து முடிவு பண்ணாதேம்மா. என்னைப் பார்த்துப் பண்ணினா எனக்குப் பிடிக்காது."

அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நான் ஒண்ணு கவனிச்சேன். மே மாசத்துலேருந்து அந்த போர்டைப் பார்த்துட்டு எத்தனை பேரு உள்ள வந்திருப்பாங்க? எல்லாரும் நம்பரைத்தான் சொன்னாங்க. ஒருத்தராவது ஐலி என்ன பண்றான்னு கேட்டாங்களா? அந்த அம்மா ஒருத்தர்தான் பலகையைப் பத்திக் கேட்டாங்க. நம்பரை வெச்சா முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. எனக்கு அவங்க முதல்ல பனியைப் பார்க்கணும். பனியில நான் யாருக்கும் கீழ இல்லப்பா."

"இல்ல" என்றான் லைல். "நீ யாருக்கும் கீழ இல்ல."

"வெறுங்கையோட போறேன்னு அத்தை பேசுவா."

"பேசுவேன்" என்றேன். "ஆனா நீ ஏழு வருஷத்துப் பனியைச் சுமந்துட்டுப் போறே. அதுக்கு மேல கையில என்னத்தைப் பிடிப்பே?"

அவள் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். பிறகு அனுப்பும் பொத்தானையும் அழுத்தினாள். லைல் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, வேட்டைக்குப் போனான். அந்த வருஷம் அவனுக்கு மான் கிடைக்கவில்லை. குறிபார்க்கவே மனசு ஓடவில்லை என்று பிறகு சொன்னான்.

டிசம்பர் நடுவில் ஒரு நாள். கடையில் கூட்டம், வெளியே கண் தெரியாத பனி. போன் அடித்தது, லைல் எடுத்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஐலி. அவன் கேட்டான், கேட்டான், "சரிம்மா" என்றான். மறுபடியும் "சரிம்மா" என்றான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஏணி எங்க?"

எனக்கு அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் கல்லாவை விட்டு எழுந்து, யார் என்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற ஒரு லாரிக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதேன். லைல் பனியில் ஏறினான். புதிதாக எதையும் செருகவில்லை. எழுத்துகளை மூடியிருந்த பனியைத் தன் கையாலேயே துடைத்துவிட்டு இறங்கி வந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் அவளை வெர்மான்ட்டுக்குக் கூட்டிப்போனான். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். வண்டி வளைவில் மறைந்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், போர்டில் 'எங்க ஐலி' மட்டும் இருக்கிறது. நம்பர் இல்லை. முதல் நாள் சாயங்காலம் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரியும். புதரெல்லாம் தேடினேன். எவனோ திருடிவிட்டான் என்று நெடுஞ்சாலையில் போகிறவர்களையெல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நான்கு நாள் கழித்து லைல் தனியாக வந்து இறங்கினான். அடித்துப் போட்டது போல் களைத்திருந்தான். வண்டியை விட்டு இறங்கியதும் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தான்.

"நம்பர் எங்க?"

"காத்து" என்றேன். வேறென்ன சொல்ல?

அவன் உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாவில் கை வைத்தான். அப்போது என் போன் ஒலித்தது. ஐலி ஒரு படம் அனுப்பியிருந்தாள். செங்கல் கட்டடம், மூன்றாவது மாடி ஜன்னல். உள்ளேயிருந்து கண்ணாடியில், வெளியே போகிறவர்கள் பார்க்கிற மாதிரி, நான்கு பிளாஸ்டிக் தகடுகள் ஒட்டியிருந்தன. கீழே எழுதியிருந்தாள்: 'அப்பாகிட்ட சொல்லு அத்தை. அனுப்பலைன்னுதானே சொன்னேன். கொண்டு வர மாட்டேன்னு சொன்னேனா?'

லைலிடம் நீட்டினேன். கை முழுக்க மாவு என்பதால் அவன் போனைத் தொடவில்லை. நான் பிடித்துக்கொண்டிருக்க, குனிந்து வெகுநேரம் பார்த்தான். முழங்கையால் கண்ணைத் துடைத்தான். மறுபடியும் பார்த்தான்.

"ஆறை நேரா ஒட்டியிருக்கா, அக்கா" என்றான். "தலைகீழா வைக்கச் சொல்லு. முப்பது மார்க் குறையுது பாரு."